ஸ்போர்ட்ஸ் காரில் தினமும் ஆபீஸ் போகலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஆபீஸ் போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர். அதில் பாதி தூரம் நெரிசல். ஆபீஸ் பார்க்கிங் தரைக்கு அடியில் இரண்டாவது தளத்தில். வீட்டில் மனைவி, ஐந்து வயதுப் பையன், முழங்கால் வலியோடு அம்மா. இப்போது இருப்பது எட்டு வருடப் பழைய ஹேட்ச்பேக். அதை விற்றுவிட்டு, நான்கைந்து வருடம் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதையே தினமும் ஓட்டலாம் என்று இருக்கிறேன். இரண்டு கதவு, பின்னால் இரண்டு சின்ன சீட் உள்ள வகை. "அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வண்டி, நெரிசலில் ஓட்டினால் எஞ்சினும் கிளட்சும் போய்விடும்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா? வாங்கினால் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

பதில்: ஓட்டலாம். எஞ்சின் தாங்கும். ஆனால் ஹேட்ச்பேக்கை இப்போதைக்கு விற்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் எஞ்சினை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். கடிதத்தைப் படித்தபோது எனக்கு இடித்தது அந்த இரண்டாவது தளத்துப் பார்க்கிங்தான். தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பட்டறைக்கு வந்தால், எஞ்சினைத் திறக்க வேண்டி வருவது அபூர்வம். முன் பம்பரின் அடி கிழிந்து, ரிம் வளைந்து, டயரின் பக்கவாட்டில் கொப்புளம் போட்டு வருவதுதான் வழக்கம். கார் என்ன கார் என்பதைவிட, உங்கள் வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் பார்க்கிங் வரைக்கும் பாதை எப்படி என்பதுதான் இந்தக் கேள்வியை முடிவு செய்யும்.

சாதாரண ஹேட்ச்பேக்கின் அடிக்கும் தரைக்கும் நடுவே 165, 170 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் 110-லிருந்து 135 வரைதான். வித்தியாசம் ஏறக்குறைய ஐந்து செ.மீ.தானே என்று தோன்றும். வேகத்தடையிலும், சாலையோரக் கல்லிலும், மூடி எழும்பி நிற்கும் சாக்கடைக் குழியிலும் உரசுமா தப்புமா என்பதை அந்த ஐந்து செ.மீ.தான் முடிவு செய்யும். போதாததற்கு முன் சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்டிருக்கும். கீழ்த்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும்போது, சரிவு முடிந்து சமதரை தொடங்கும் இடத்தில் சக்கரம் இன்னும் சரிவில் இருக்கும், மூக்கு அதற்குள் தரையைத் தொட்டுவிடும். மேலே ஏறி வெளியே வரும் இடத்தில் நடு வயிறு தட்டும். அதுவும் தினமும் இரண்டு வேளை.

காரை வாங்கிவிட்டு இதைக் கண்டுபிடிக்க வேண்டாம். இப்போது இருக்கும் ஹேட்ச்பேக்கிலேயே கண்டுபிடிக்கலாம். தடிமனான அட்டை ஒன்றை எடுத்து, முன் பம்பரின் அடி உதட்டில் குறுக்கே டேப் போட்டு ஒட்டுங்கள். அட்டையின் கீழ் விளிம்பு தரையிலிருந்து சரியாக 12 செ.மீ. உயரத்தில் தொங்க வேண்டும். இன்னொரு அட்டையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நட்டநடுவே, கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் அதே உயரத்தில் ஒட்டுங்கள். சைலன்சர் குழாய்ப் பக்கம் போகாதீர்கள், சூட்டில் அட்டை கருகும். அப்புறம் ஒரு வாரம் வழக்கம்போல ஆபீஸ் போய் வாருங்கள். பையன் பள்ளி, கடை, உறவினர் வீடு எல்லாம் சேர்த்துத்தான். அட்டை உரசும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹேட்ச்பேக்கின் ஸ்பிரிங் மெத்தென்று இருப்பதால் அது கொஞ்சம் கூடுதலாகவே குனியும். ஸ்போர்ட்ஸ் கார் அவ்வளவு குனியாது, ஆனால் அதன் மூக்கு நீளம். இரண்டும் ஏறக்குறைய கழிந்துவிடும். துல்லியமான சோதனை என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் ஷோரூமைச் சுற்றி பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதைவிட இது நிறையச் சொல்லும்.

வாரக் கடைசியில் குறிப்பைப் பாருங்கள். ஒன்றிரண்டு வேகத்தடையில்தான் உரசுகிறது என்றால் பிரச்சினை இல்லை. நேராக ஏறாமல் வண்டியைச் சாய்வாகத் திருப்பி, ஒரு சமயத்தில் ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி விட்டால் தப்பலாம். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். சில கார்களில் பொத்தானை அழுத்தினால் முன்பக்கம் மூன்று நான்கு செ.மீ. உயரும் வசதி உண்டு. நீங்கள் பார்க்கும் காரில் அது இருந்தால், மற்ற எந்த அலங்காரத்தையும் விட்டுவிட்டு அதற்கே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஆனால் ஆபீஸ் பார்க்கிங்கின் சரிவிலேயே அட்டை தினமும் மடங்குகிறது, அங்கே சாய்த்து ஓட்டவும் அகலம் இல்லை என்றால், அந்த உயரத்துக் கார் உங்களுக்கு வேண்டாம். வேறு எந்தச் சமாதானமும் எடுபடாது. பார்க்கிங்கை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் காரை மாற்றுங்கள்.

அடுத்தது டயர். ஹேட்ச்பேக்கின் டயரில் 195/65 ஆர்15 என்று எழுதியிருக்கலாம். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் 127 மி.மீ. ஸ்போர்ட்ஸ் காரில் 245/35 ஆர்19 என்று இருந்தால் பக்கச்சுவர் 86 மி.மீ.தான். பள்ளத்தில் இறங்கும்போது அந்த 86 மி.மீ. ரப்பர்தான் உங்கள் அலாய் வீலுக்கும் கல்லுக்கும் நடுவே நிற்கிறது. காற்று கொஞ்சம் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் நூல் அறுந்து பக்கவாட்டில் கொப்புளம் கிளம்பிவிடும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

நிறைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு பசைக் குப்பியும் சின்ன காற்றுப் பம்பும் தருவார்கள். ஆணி குத்தினால் அது உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் உதவாது. அன்றைக்கு உங்கள் கார் லாரி முதுகில்தான் வீடு வந்து சேரும். இழுத்துப்போக வருபவரிடம் முழு வண்டியையும் ஏற்றும் தட்டை லாரியைத்தான் கேட்க வேண்டும். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் கார்களில் கியர் அமைப்பு பாழாகும்.

தேய்மானமும் வேறு மாதிரி. முன்னால் ஒரு அளவு, பின்னால் அகலமான இன்னொரு அளவு என்று டயர் போட்டிருக்கும் கார்களில், முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய முடியாது. வளைவில் பிடிப்புக்காகச் சக்கரத்தை மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பார்கள். நேர்ச்சாலையிலேயே ஓடும் வண்டியில் அதனால் டயரின் உள் விளிம்பு மட்டும் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும், கையை உள்ளே விட்டுத் தடவினால் கம்பி குத்தும். மாதம் ஒரு தடவை அப்படித் தடவிப் பாருங்கள். கோடைக்கால டயர் என்று விற்கும் வகை, குளிர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிப் பிடிப்பை இழக்கும். அகலமான டயர் தேய்ந்தபின் மழைத் தண்ணீரில் மிதக்கும். டயரின் பள்ளக் கோடுகளின் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை ஓட்டலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன. மழையில் தினமும் ஓட்டுபவர் 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

இனி கிளட்ச். இதில் உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டே போனால் எந்தக் காரின் கிளட்சும் தேயும். ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் ஸ்பிரிங் கடினம், பெடல் கனம். கிளட்சுக்கு முன்னால் உங்கள் இடது முழங்கால் புகார் சொல்லும். பாதி தூரம் நெரிசல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதையில் மேனுவல் ஓட்டுவது ஆசை இருக்கும்வரை ஓட்டலாம், அவ்வளவுதான். காலியான சாலையில் மேனுவல் தரும் சுகம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தச் சுகம் வாரத்தில் ஒரு மணி நேரம், ஃபர்ஸ்ட் கியரில் ஊர்வது ஐந்து நாளும்.

ஆட்டோமேட்டிக் என்றால் எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள். டார்க் கன்வர்ட்டர் வகை நெரிசலுக்குப் பொறுமைசாலி. எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்வதில் அதற்குக் கஷ்டமே இல்லை. டூயல் கிளட்ச் வகையில் கம்ப்யூட்டர்தான் கிளட்சை மிதிக்கிறது, ஆனாலும் உள்ளே இருப்பது கிளட்ச்தான். அதில் ஆயிலில் நனைந்த கிளட்ச், உலர்ந்த கிளட்ச் என்று இரண்டு உண்டு. பிடிகே என்ற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள போர்ஷே, நிசான் ஜிடி-ஆர் போன்ற சக்தி வாய்ந்த கார்களில் ஆயிலில் நனைந்த வகைதான். ஆயில் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த ஆயிலையும் ஃபில்டரையும் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் பழைய காரில் பார்க்க வேண்டியது. நெரிசலில் ஓட்டும் முறையையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் வண்டி ஓரடி நகர்ந்தால் நீங்களும் ஓரடி நகர வேண்டாம். ஒரு வண்டி நீளம் இடைவெளி விழட்டும், அப்புறம் ஒரே மூச்சில் நகர்ந்து நில்லுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பிரேக்கைப் பிடியுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் நண்பர்கள் பயத்தைத் தலைகீழாகத்தான் சொல்ல வேண்டும். ஓடாமல் நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார்தான் அதிகம் கெடுகிறது. அலாரம், சாவி உணரி, கம்ப்யூட்டர் எல்லாம் வண்டி நிற்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். சில வாரத்தில் பேட்டரி படுத்துவிடும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியத் தொடங்கும். குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருக்கும் வண்டிகளில் இதெல்லாம் சகஜம். தினமும் ஓடிய, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த வண்டிக்கே என் ஓட்டு.

தினசரி ஓட்டத்தில் எஞ்சினுக்கு ஆகாதது இரண்டு. ஒன்று, குளிர்ந்த நிலையில் முறுக்குவது. டாஷ்போர்டில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்றால் எஞ்சின் சூடாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆயில் சூடேற அதைவிட நிறைய நேரம் ஆகும். அதற்குள் மிதித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பி நேராக ஓட்டப்பந்தயத்தில் விட்ட மாதிரிதான். பிஎம்டபிள்யூ எம்3 காரின் ஈ46 தலைமுறையில் இதற்கு அழகான ஏற்பாடு இருந்தது. எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் வட்டத்தின் ஓரத்தில் வரிசையாகச் சின்ன விளக்குகள். ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, இப்போது இவ்வளவு வரை முறுக்கலாம் என்று காட்டும். உங்கள் காரில் ஆயில் சூட்டைக் காட்டும் வசதி இருந்தால் அது 80 டிகிரி தாண்டும்வரை பாதிச் சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

இரண்டாவது, குறுந்தூர ஓட்டம். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி அணைப்பதே பழக்கமானால் ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைக்காது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களில் இன்னொரு தொல்லை: காற்று நுழையும் வால்வின் முதுகைக் கழுவிவிடப் பெட்ரோல் அந்த வழியாக வருவதே இல்லை. கரி படிந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் ஐட்லிங் தடுமாறும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு பீய்ச்சி அதைச் சுரண்டி எடுப்போம். டொயோட்டா ஜிடி86 போல இரண்டு வழியிலும் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு. உங்களுக்கு 22 கிலோமீட்டர் என்பதால் ஆயில் நன்றாகவே சூடாகும். பள்ளிக்கும் கடைக்கும் போகிற குட்டி ஓட்டங்களுக்கு ஹேட்ச்பேக்கையே எடுங்கள்.

அதை விற்காதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒரு காரணம். பெரிய காரணம் அம்மா. தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் இடுப்பைவிட முழங்கால் மேலே நிற்கும். அதிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதற்குச் சமம். முதலில் வெளியே நின்றபடி பின்பக்கமாக உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது ஏறுவதற்குச் சுலபமான வழி. இறங்கும்போது அதுவும் கைகொடுக்காது. வலி உள்ளவருக்கு யாராவது கை கொடுத்துத் தூக்கித்தான் ஆக வேண்டும். இரண்டு கதவு வண்டியில் கதவு நீளம் வேறு. நெருக்கமான பார்க்கிங்கில் அதைப் பாதிதான் திறக்க முடியும். பையனைப் பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட, முன்சீட்டைச் சாய்த்துவிட்டு நீங்கள் உள்ளே குனிந்து நுழைய வேண்டும். ஒருநாள் வேடிக்கை. மழை நாளில், பள்ளி வாசலில், பின்னால் வண்டிகள் நிற்கும்போது வேடிக்கையாக இருக்காது. வாங்குவதற்கு முன் அம்மாவையும் பையனையும் அவனுடைய குழந்தை இருக்கையையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காரில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மனைவியையும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஓட்ட மாட்டேன் என்றால் அது வீட்டு வண்டி ஆகாது.

மூன்றாவது காரணம் உதிரிபாகம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவர்கள் பலர் இந்தக் கணக்கில்தான் வழுக்குகிறார்கள். ஐந்து வருடத்தில் காரின் விலை வெகுவாக இறங்கியிருக்கும். அதன் பிரேக் டிஸ்க்கின் விலை இறங்கியிருக்காது. நீங்கள் கொடுக்கும் விலை பழைய காரின் விலை, பராமரிப்பு மட்டும் புதுக் காரின் பராமரிப்பு. கார்பன் செராமிக் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் ஆபீஸ் போய்வர அதைத் தேட வேண்டாம். அதன் அருமை பந்தயத் தடத்தில்தான் தெரியும், டிஸ்க் மாற்றும் செலவு எங்கே ஓட்டினாலும் தெரியும். பாகம் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. சின்ன சென்சார் ஒன்றுக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கலாம். அந்த வாரங்களில் நீங்கள் எதில் ஆபீஸ் போவீர்கள்? எட்டு வருட ஹேட்ச்பேக்கை விற்றால் கிடைக்கும் தொகை, அது தரும் நிம்மதியோடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்காது என்றே நினைக்கிறேன். அந்தத் தொகை இல்லாமல் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கவே முடியாது என்றால், பார்க்கும் கார் உங்கள் கைக்கு ஒரு படி மேலே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு படி கீழே பாருங்கள்.

கீழே நல்ல கார்கள் இல்லாமல் இல்லை. 1976-லிருந்து விற்கும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ மாதிரி, சாதாரண ஹேட்ச்பேக் உடம்பில் முறுக்கான எஞ்சின் வைத்த வகை உங்கள் குடும்பத்துக்குக் கச்சிதம். அம்மா ஏறுவார், பையனுக்கு இடம் இருக்கும், அட்டைச் சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும். மஸ்டா எம்எக்ஸ்-5 எடை குறைவு, டயர் சின்னது, தினசரி ஓட்டத்துக்கு அருமையான வண்டி. ஆனால் இரண்டே சீட். ஹேட்ச்பேக்கை வைத்துக்கொள்பவருக்கு மட்டும்தான் அது. தினமும் ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்பது புது யோசனையும் இல்லை. 1990-ல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் வந்தபோதே, வெளியே நன்றாகத் தெரியும், ஏசி வேலை செய்யும், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்பதெல்லாம் அந்த வகைக் காரிலும் முடியும் என்று காட்டிவிட்டார்கள்.

சரி, பார்க்கப் போகிறீர்கள் என்றால் முதலில் குனிந்து முன் பம்பரின் அடியைப் பாருங்கள். மேல்பூச்சைவிட அந்தக் கீறல்கள் பழைய உரிமையாளரைப் பற்றி உண்மையைச் சொல்லும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. ஐந்து வருட வண்டியில் குறைந்த கிலோமீட்டர் காட்டி, டயர் மட்டும் இரண்டாவது ஜோடி என்றால் காரணம் கேளுங்கள். பிரேக் டிஸ்க்கில் அதன் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், மெக்கானிக்கை அளக்கச் சொல்லுங்கள். மேனுவல் வண்டி என்றால் ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் எல்லை மீறிச் சுற்றியதைக் காட்டும் ஓவர்-ரெவ் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்ஷே கார்களில் எஞ்சின் கம்ப்யூட்டரே எல்லை மீறிய சுற்றுகளைத் தரம் பிரித்து, எஞ்சின் ஓடிய எத்தனையாவது மணி நேரத்தில் அது கடைசியாக நடந்தது என்பதையும் சேர்த்து வைத்திருக்கும். ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவது கியரில் தள்ளியவர் அதை வாயால் சொல்ல மாட்டார். ஸ்கேனர் சொல்லிவிடும். அந்தப் பதிவில் மேல் தரத்தில், அண்மையில் ஏதாவது இருந்தால் பேரம் பேசாமல் வெளியே வந்துவிடுங்கள்.

பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கத்தில் எந்த ஆக்டேன் எண் உள்ள பெட்ரோல் வேண்டும் என்று எழுதியிருக்கும். அது உங்கள் வழக்கமான பங்கில் கிடைக்கிறதா என்று பாருங்கள். குறைந்த ஆக்டேன் போட்டால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், காசு கொடுத்து வாங்கிய சக்தி காணாமல் போகும். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது தினமும் ஆபீஸ் போய்வரத்தான் என்று எழுத்திலேயே தெரிவித்துவிடுங்கள். இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும் என்ற நிபந்தனையில் மலிவாகக் கிடைக்கும் பாலிசிகள் உங்களுக்கு ஒத்துவராது.

முதலில் அட்டை வேலையைச் செய்யுங்கள். எங்கெங்கே உரசியது என்பதோடு, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் காரின் பெயர், ஆண்டு, டயர் அளவு, கியர் வகை நான்கையும் எழுதி அனுப்பினால், அந்தக் காரை வைத்தே மேற்கொண்டு சொல்கிறேன்.